கூலிக்கு மட்டுமா கடல் தாண்டுவது?

“நமக்கெதுக்கு அதெல்லாம்?”

ஆலத்தியூர், செந்துறை, குன்னம், பெரம்பலூர் என்று இந்தப் பக்கம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பையன் பெரிய படிப்புக்கு ஆசைப்பட்டால், நமக்கெதுக்கு. பெண்பிள்ளை மாநில அணியில் கபடி ஆட ஆசைப்பட்டால், நமக்கெதுக்கு. வறுமை நம்மைக் கட்டிப்போட்டது உண்மை. ஆனால் அதைவிட இறுக்கமான கயிறு இந்தப் பேச்சுதான். வறுமை வெளியிலிருந்து வந்தது. இந்தக் கயிற்றை நாமே திரித்து நம் பிள்ளைகளின் இடுப்பில் நாமே கட்டிவிடுகிறோம். இன்றைக்கு அதை அறுக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சிமென்ட் ஆலைக்குப் போகும் சாலையில் ஒரு டீக்கடை. லோடுக்காக வரிசையில் நிற்கும் லாரிகள். கடை டிவியில் முந்தின இரவு வெஸ்ட் இண்டீஸில் நடந்த ஆட்டம் மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. பந்து எல்லையைத் தாண்டும்போதெல்லாம் மைதானத்துக்குப் பின்னால் தென்னைமரமும் பச்சை மலையும் தெரிகின்றன. இரவு ஷிப்ட் முடித்து வந்த இளைஞன் ஒருவன், டம்ளரைக் கீழே வைக்காமலேயே சொன்னான்: “மாமா, வாழ்க்கையில ஒருதடவை இந்த ஊருக்குப் போயிட்டு வந்துடணும்.”

பக்கத்தில் இருந்த பெரியவர் திரும்பினார். “அப்படியா மாப்ள? அங்க எந்தக் கம்பெனியில ஆள் எடுக்குறாங்க?”

அவர் கேலி செய்யவில்லை. அக்கறையோடுதான் கேட்டார். அந்த அக்கறைதான் என்னைச் சுட்டது. கடல் தாண்டுவது என்றாலே கூலிக்குத்தான் என்று ஒரு மனிதரின் மனதில் எத்தனை ஆழமாக எழுதப்பட்டிருக்கிறது! ஊரைப் பார்க்க, அலையில் கால் நனைக்க, நாலு நாள் யாருக்கும் கைகட்டி நிற்காமல் இருக்க ஓர் ஆலத்தியூர்க்காரன் விமானம் ஏறலாம் என்பது அவர் நினைப்பிலேயே இல்லை.

நண்பரே, உங்கள் நினைப்பில் இருக்கிறதா?

குனிந்து உங்கள் மண்ணைப் பாருங்கள். 1997-இல் ஆலத்தியூருக்கு சிமென்ட் ஆலை எதைத் தேடி வந்தது? சுண்ணாம்புக்கல்லை. சுண்ணாம்புக்கல் எதிலிருந்து வந்தது? கடலிலிருந்து. கிரெட்டேசியஸ் என்று நிலவியலார் சொல்லும் அந்தக் காலத்தில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இந்த அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் பெரும்பகுதி கடலடியில் கிடந்தது. கல்லங்குறிச்சிப் பக்கம் வெட்டியெடுக்கும் கல்லில் கிரைஃபியா என்னும் சிப்பியின் ஓடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கையளவு கல்லை எடுத்துத் தண்ணீர் விட்டுத் துடைத்துப் பாருங்கள். வளைந்த ஓடும் அது ஆண்டுக்காண்டு வளர்ந்த வரிகளும் விரலுக்குத் தட்டுப்படும். காரைப் பக்கத்து வறண்ட ஓடைகளில் அம்மோனைட் கிடைக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகவே படுத்திருக்கிறது. வாரணவாசியில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடல் நமக்கு அந்நியம் என்று அதன் பிறகு எந்தப் பிள்ளையும் நம்பாது.

கொல்லையில் நிற்கும் செடிகளைக் கேளுங்கள். முந்திரி, மக்காச்சோளம், மிளகாய், மரவள்ளி, பப்பாளி, கொய்யா எல்லாமே அமெரிக்கக் கண்டத்து வெப்பநாடுகளிலிருந்து கப்பலேறி வந்தவை. செந்துறைக் காட்டு முந்திரி அந்தத் தூரத்தைத் தாண்டி இந்தச் செம்மண்ணில் வேர்விட்டு நிற்கிறது. நீங்கள் பத்து நாள் அந்தப் பக்கம் போய்விட்டு வர யோசிக்கிறீர்கள்.

கங்கைகொண்ட சோழபுரமும் நம் மாவட்டம்தான். கடற்கரை இல்லாத அந்த இடத்தைத் தலைநகராக்கிக்கொண்ட ராஜேந்திரன் 1025-இல் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பினான். ஆடித் திருவாதிரைக்கு அவன் படத்தை பிளெக்ஸில் பெரிதாகப் போட்டு மார்தட்டுகிறோம். அவன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் நாம், சொந்தக் காசில் ஒரு டிக்கெட் எடுக்கப் பயப்படலாமா?

இப்போது ஒரு கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1853 மே 6. அந்த டீக்கடை டிவியில் பார்த்த வெஸ்ட் இண்டீஸ் தீவுகள் கிடக்கும் கரீபியன் கடலில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட மார்த்தினிக் தீவுக்கு ‘ஒரேலி’ என்ற கப்பல் போய்ச் சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் நம் ஆட்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப் தீவுக்கும் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியது. அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போனதால் வந்த வினை அது. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் திரட்டினார்கள். 1880-கள் வரைக்கும் மார்த்தினிக்குக்கு 25,000 பேர் போல, குவாதலூப்புக்கு 42,000 பேர் போல ஏற்றிப்போனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். அன்று திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் இருந்த நம் பகுதியிலிருந்து அந்தத் துறைமுகங்கள் சில நாள் நடைதூரம்தான். பஞ்சம் வந்த வருடங்களில் அந்தச் சாலையில் யார் யார் நடந்தார்களோ, எந்த வீட்டுத் தாத்தன் பெயர் எந்தப் பதிவேட்டில் கிடக்கிறதோ!

நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மாதக் கடற்பயணம். வழியில் செத்தவர்களைக் கடலில் போட்டார்கள். உயிரோடு இறங்கியவர்களுக்கு 5 ஆண்டு ஒப்பந்தம். கரும்பு வெட்ட வேண்டும், முதலாளி சொன்ன இடத்தில் தங்க வேண்டும், அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியே போகக்கூடாது. ஒப்பந்தம் முடிந்தும் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. அங்கேயே மண்ணானார்கள்.

ஆனால் அவர்கள் தோற்றுப்போகவில்லை! இதைத்தான் நீங்கள் நெஞ்சில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாரியம்மனையும் மதுரை வீரனையும் நெஞ்சிலேயே சுமந்துகொண்டு போனார்கள். குவாதலூப்பில் காபெஸ்தர் பக்கம் ஷாங்ஜி என்ற இடத்தில் இன்றும் மாரியம்மன் கோயில் நிற்கிறது. தமிழ் பேச்சில் மறைந்துபோன பிறகும் தப்பு அடிக்கிறார்கள், கிடா வெட்டிப் பூசை போடுகிறார்கள், வேப்பிலையை மறக்கவில்லை. எழுதப்படிக்கத் தெரியாமல், திரும்பி வரும் வழியும் தெரியாமல் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

அதே காபெஸ்தரில் 1863-இல் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். தீவிலேயே பிறந்து வளர்ந்தும் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை இல்லை, ஓட்டுரிமை இல்லை என்றது அரசாங்கம். 1904-இல் அவர் வழக்கில் இறங்கினார். 1923-இல் வென்றார். ஒரு கூலிக்குடியின் வாரிசு, பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து ஏறக்குறைய இருபது வருடம் சளைக்காமல் நின்றிருக்கிறார். தென்னமெரிக்கக் கரையில் கரீபியன் நாடுகளோடு சேர்ந்து நிற்கும் கயானாவில் மோசஸ் வீராசாமி நாகமுத்து 2015 முதல் 2020 வரை பிரதமராகவே இருந்தார். பெயரைப் பாருங்கள், வேர் தெரிகிறது.

ஒப்பந்தக் கூலி முறை 1917-இல் நின்றது. நம் மனதுக்குள் நின்றதா? இன்றும் ஊரில் ஒருவர் பாஸ்போர்ட் எடுத்தால் முதலில் வரும் கேள்வி, “எந்தக் கம்பெனி, எத்தனை வருச அக்ரிமென்ட்?” சிங்கப்பூரில் ஷிப்யார்டு, துபாயில் கட்டட வேலை, குவைத்தில் டிரைவர் வேலை. அந்த உழைப்பால்தான் இங்கே எத்தனையோ வீடுகளுக்கு காங்கிரீட் கூரை வந்தது. அந்த வியர்வையைக் கும்பிடுகிறேன். ஆனால் நூற்றெழுபது வருடமாக நாம் கடலைத் தாண்டியது எல்லாம் இன்னொருவன் கூப்பிட்டு, இன்னொருவன் வேலைக்காக. ஒரே ஒருமுறை உங்கள் ஆசைக்காகத் தாண்டுங்கள். கரும்பு வெட்டப் போன அதே கடலுக்கு விருந்தாளியாகப் போங்கள். அவர்கள் 5 ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு போனார்கள். நீங்கள் 5 ஆண்டு சேமித்து, தலை நிமிர்ந்து போங்கள்!

“பணம்?” என்கிறீர்கள். வாருங்கள், கணக்கைப் பேசுவோம்.

கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் என்று இலக்கு வையுங்கள். இதில் விமான டிக்கெட்டே பெரும்பகுதியைத் தின்றுவிடும். மீதிதான் தங்கல், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து. அஞ்சலக ஆர்.டி.யில் மாதம் 7,000 ரூபாய் போட்டால், 6.7 சதவீத வட்டியில் 5 ஆண்டு முடிவில் 5 லட்சத்தை ஒட்டி வரும். நீங்கள் போட்டது 4,20,000. மீதியை வட்டி கொடுக்கிறது. 7,000 முடியாது, கான்ட்ராக்ட் சம்பளத்தில் வீட்டுக்கே போதவில்லை என்றால் 3,500 போடுங்கள், பத்தாவது ஆண்டில் போங்கள். தாமதமாகப் போவதில் அவமானம் ஒன்றும் இல்லை. போக மாட்டேன் என்று இன்றைக்கே முடிவுகட்டிக்கொள்வதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் வீட்டு விசேஷங்களை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மண்டபம், பத்தடிக்கு ஒரு பிளெக்ஸ், தட்டு தட்டாகச் சீர்வரிசை, செண்டை மேளம், தலைக்கு மேலே பறந்து படமெடுக்கும் டிரோன். லட்சங்கள் ஒரே நாளில் கரைகின்றன. வந்த மொய் எல்லாம் நோட்டில் எழுதிய கடன், ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்தாக வேண்டும். விசேஷமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சொந்தபந்தம் கூடும் நாள் அது. ஆனால் அந்த மண்டபத்துக்குப் பணம் புரட்டத் தெரிந்த கை, இந்தப் பயணத்துக்கும் புரட்டும். “எங்கிட்ட காசில்லை” என்று சொல்லும் முன், போன ஐந்து வருட மொய் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். காசு இருந்தது. ஊர் என்ன சொல்லும் என்ற பயத்துக்கு அதைக் கொடுத்துவிட்டோம்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. பிள்ளைகளின் படிப்புச் செலவு, மருத்துவக் காப்பீடு, ஏற்கெனவே இருக்கும் கடன், இவை முதலில். வட்டிக்கு வாங்கிப் போகாதீர்கள். தாலிக்கொடியை அடகு வைத்துப் போகாதீர்கள். முகம் தெரியாதவன் நடத்தும் சீட்டில் போட்டு ஏமாறாதீர்கள். கடன் வாங்கிப் போகும் உல்லாசம் திரும்பி வந்த மறுநாளே உங்களைப் பழைய கூலியாக்கிவிடும். சேர்த்த காசில் போகிறவன்தான் விருந்தாளி.

லீவும் அப்படித்தான், கெஞ்சி வாங்குவது கிடையாது. ஆலைத் தொழிலாளிக்கு 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டமே சொல்கிறது. எடுக்காத விடுப்பை 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். கண்ட கண்ட நாளில் அரைநாள், ஒருநாள் என்று உடைத்துச் சில்லறையாக்காமல் சேர்த்து வையுங்கள்.

எந்தத் தீவு? முதல் பயணத்துக்கு டிரினிடாட் அண்ட் டொபேகோ என்றே நான் சொல்வேன். இந்திய பாஸ்போர்ட்டோடு சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே விசா தேவையில்லை. பார்படோஸ், ஜமைக்கா, கிரெனடா, டொமினிக்கா ஆகியவையும் அப்படித்தான். விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த நாட்டுத் தூதரகத் தகவலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாரியம்மன் கோயிலைப் பார்க்க குவாதலூப்புக்கே போக ஆசையா? போகலாம். ஆனால் அது பிரான்ஸின் பகுதியாக இருந்தாலும் ஷெங்கன் விசா அங்கே செல்லாது. அந்தக் கடல்கடந்த மாகாணங்களுக்கென்று தனியாக பிரெஞ்சு விசா எடுக்க வேண்டும்.

டிரினிடாட்டில் பாதை எளிது. மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்திய வம்சாவளியினர். ஆங்கிலம் பேசும் நாடு. சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டை போட்டு நம்மை ஆடவைத்த டுவைன் பிராவோ அந்த ஊர்க்காரர், சாண்டா குரூஸில் பிறந்தவர். காலையில் தெருவோரத்தில் ‘டபுள்ஸ்’ விற்பார்கள். எண்ணெயில் பொரித்த இரண்டு மெத்தென்ற சிறு ரொட்டிகள், நடுவே கொண்டைக்கடலை மசாலா, மேலே காரச் சட்னி. நின்றபடியே தாளில் வாங்கிச் சாப்பிடுவார்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் கண்ட பண்டம் இன்று அந்த நாட்டுக்கே காலை உணவு. லா பிரேயில் 100 ஏக்கர் அளவுக்குத் தார் ஏரி இருக்கிறது. இயற்கையாகவே பூமியிலிருந்து ஊறும் தார், மேலே நடந்தே போகலாம். கிளிங்கரையும் கல்லையும் ஆயுசெல்லாம் பார்த்த ஆலைத் தொழிலாளியை நிச்சயம் அது நின்று பார்க்க வைக்கும். சாயங்காலம் கரோனி சதுப்புநிலத்தில் படகில் உட்கார்ந்தால் செக்கச்செவேலென்ற அரிவாள்மூக்கன் கூட்டம் கூடடைய வரும். அதன் பிறகு டொபேகோ. வெள்ளை மணல், கண்ணாடி அடித்தளம் வைத்த படகு, கீழே பவளப்பாறை. கல்லங்குறிச்சிக் கல்லில் ஓடாக மட்டும் பார்த்த உயிரினங்களின் உறவுக்காரர்களை அங்கே உயிரோடு பார்க்கலாம்.

எப்போது? அந்தக் கடலில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். டிரினிடாட் தெற்கே ஒதுங்கி இருப்பதால் பெரும்புயல்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை, ஆனாலும் மழை உண்டு. ஜனவரி முதல் மே வரை வறண்ட காலம். கார்னிவல் நடக்கும் பிப்ரவரி, மார்ச் நாட்களில் அறை வாடகை எகிறும், அதைத் தவிர்த்துவிடுங்கள். மே கடைசி வாரம்தான் என் தேர்வு. நம் பள்ளிகளுக்கும் கோடை விடுமுறை. அதற்கும் மேலே, மே 30 அங்கே அரசு விடுமுறை. 1845-இல் அதே நாளில் ‘ஃபதேல் ரசாக்’ கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியதை நாடே கொண்டாடுகிறது. கூலிக்கப்பல் வந்த நாளைத் திருநாளாக்கிக்கொண்ட மக்களோடு ஒருநாள் நில்லுங்கள். முதுகெலும்பு தானாக நிமிரும்.

இனி, காகித வேலை. இங்கேதான் நம்மவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, திருச்சி சேவை மையத்துக்கு நாள் வாங்கிக்கொண்டு போக வேண்டும். பெரியவர்களுக்கு 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், 10 ஆண்டு செல்லும். சிக்கல் பெயரில் வரும். நமக்கு இனிஷியல்தான் பழக்கம், பாஸ்போர்ட்டில் அதை விரித்து அப்பா பெயராக எழுத வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், பள்ளிச் சான்றிதழில் வேறொன்று, ரேஷன் கார்டில் மூன்றாவதாக ஒன்று. பிறந்த தேதி ஹெட்மாஸ்டர் அன்றைக்கு உத்தேசமாகப் போட்டதாக இருக்கும். எல்லாவற்றையும் இன்றிரவே ஒரு பாயில் பரப்பி வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். எது பிழையோ அதை ஈ-சேவை மையத்தில் கொடுத்துத் திருத்துங்கள். அலைய விடுவார்கள். அலையுங்கள். உங்கள் பெயரை உலகம் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று குறிப்பு வரும். அதைக் கண்டு பயந்து ஒதுங்கியவர்கள் உண்டு. வளைகுடா போன்ற குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான ஏற்பாடு அது. சுற்றிப் பார்க்கப் போகிறவரை அது தடுக்காது. படிப்பு பாதியில் நின்றது உங்கள் குற்றம் இல்லை. அதற்காக உலகத்தையே பார்க்காமல் இருக்க வேண்டியதும் இல்லை.

டிக்கெட்டில் ஒரு பொறி இருக்கிறது. நியூயார்க், மயாமி வழியாக மலிவாகக் கிடைக்கும். விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். லண்டன் வழியென்றாலும் இடைவழி விசா கேட்கும். எந்த ஊரில் விமானம் மாறுகிறது, அங்கே நமக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு பிறகு பணம் கட்டுங்கள். இன்னொன்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. டிரினிடாட் போய்வந்தால் இந்தியாவுக்குள் நுழையும்போது அந்தச் சான்றைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். புறப்படுவதற்கு 10 நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் அந்தச் சான்று ஆயுளுக்கும் செல்லும்.

இவ்வளவும் செய்தபிறகு மிச்சமிருப்பது பயம். “எனக்கு இங்கிலீஷ் வராதே!” வராவிட்டால் என்ன? விமான நிலைய அதிகாரி கேட்கப்போவது நாலு கேள்வி. எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா? நாலு பதிலையும் பிள்ளைகளிடம் சொல்லிப் பழகுங்கள், தாள்களைக் கையில் வைத்திருங்கள். டிரினிடாட்காரர்களின் ஆங்கிலமே அவர்கள் வாய்க்கு ஏற்றபடி வளைந்த ஆங்கிலம். இலக்கணம் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. ஆலையில் வடநாட்டுத் தொழிலாளியோடு பாதி இந்தி பாதி சைகையில் பல டன் சரக்கு ஏற்றி இறக்கியவர் நீங்கள். உங்களுக்கா பேச்சு வராது?

வாட்டர்லூ என்ற இடத்தைப் பயணத்திட்டத்தில் முதல் வரியில் எழுதுங்கள். அங்கே சிவதாஸ் சாது என்ற தோட்டத் தொழிலாளி 1947-இல் கரையோரம் ஒரு சிறு கோயில் கட்டினார். நிலம் கரும்புக் கம்பெனியுடையது. இடிக்கச் சொன்னார்கள். மறுத்தார். 14 நாள் சிறையில் போட்டார்கள், கோயிலையும் இடித்துத் தள்ளினார்கள். வெளியே வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? நிலம்தானே உங்களுடையது, கடல் யாருடையதும் இல்லையே என்று கடலுக்குள் இறங்கிவிட்டார். சைக்கிளில் கல்லும் சிமென்ட்டும் கட்டி இழுத்துக்கொண்டு போனார். கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துக் கொட்டினார். ஊர் பைத்தியக்காரன் என்றது. இருபத்தைந்து வருடம் அந்த ஒற்றை ஆள் விடவில்லை. அலை அரித்த அந்தக் கோயிலை 1995-இல், இந்தியர் வந்த 150-ஆவது ஆண்டில், அரசாங்கமே எடுத்துக் கட்டியது. இன்று கடலுக்குள் நிற்கும் கோயில் என்று உலகமே வந்து பார்க்கிறது. சிமென்ட் மூட்டையின் கனம் உங்களுக்குத் தெரியும். அதை சைக்கிளில் கட்டி அலைக்குள் தள்ளிக்கொண்டு போனவனின் கால் எவ்வளவு உரமாக இருந்திருக்க வேண்டும் என்பது மற்ற சுற்றுலாப் பயணிகளைவிட உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும். அந்த நடைபாதையில் உங்கள் காலும் பட வேண்டாமா?

கடைசியாக வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை. இந்தத் திட்டத்தைத் தனியாகப் போடாதீர்கள். சமயபுரம், வேளாங்கண்ணி, பழனி தாண்டிப் போகாத மனைவி உங்கள் வீட்டில் இருக்கிறார். முந்திரிக் கொட்டை உடைத்துக் கை புண்ணானவர். மகளிர் குழுக் கடனை ஒரு தவணை தவறாமல் கட்டி முடித்தவர். அந்த வீட்டின் நிதியமைச்சர் அவர்தான், உங்களுக்கே தெரியும். “நாம ரெண்டு பேரும் விமானத்துல போறோம், அஞ்சு வருசத்துல” என்று இன்று இரவு சாப்பிடும்போது சொல்லுங்கள். சிரிப்பார். நாளைக்கும் சொல்லுங்கள். மூன்றாம் நாள், “டிக்கெட் எவ்வளவு ஆகும்?” என்று அவரே கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிக் கடல் தாண்டியாயிற்று.

அப்புறம் இருவரும் சேர்ந்து அஞ்சலகத்துக்குப் போங்கள். ஆதார், பான் கார்டு, ஆளுக்கு இரண்டு போட்டோ, முதல் மாதப் பணம். ஆர்.டி. கணக்கை இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்காகவே தொடங்கலாம், அப்படியே தொடங்குங்கள். பாஸ்புக்கை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.